கிழக்கு, கடல், காடு

இடைவேளை முடிந்து இருபது நிமிடத்தில்
ஒரு துண்டுச்சீட்டு என் மேசைக்கு வரும்.
அதிலுள்ளதை அப்படியே ஒலிபெருக்கியில் வாசிப்பேன்.
"இன்று வந்திருப்போர் நூற்று எண்பத்தேழு பேர்.
மிக்க நன்றி."
சகாத்தாவின் கடற்காற்று
அந்த நன்றியைப் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு போனது.

அன்றுதான் அவள் முதன்முறை களமிறங்கினாள்.
முதுகில் பதினேழு.
பட்டியலில் குடும்பப்பெயர் மூன்றே எழுத்து:
கிழக்கு, கடல், காடு.
யோசிக்காமல் தோகைரின் என்று முழங்கினேன்.
ஆட்டம் முடிந்ததும், சேறு காயாத காலோடு வந்து
என் கண்ணாடிச் சன்னலைத் தட்டினாள்.
"மன்னிக்கணும். நான் ஷோஜி. ஷோஜி மிசுஹோ.
சோக்காய் மலைக்கு வடக்கே
அந்த எழுத்தை அப்படித்தான் படிப்போம்."
அவள் இரண்டு முறை குனிந்தாள்.
நான் மூன்று முறை.

பகலில் சூப்பர்மார்க்கெட்டின் மீன்பிரிவில் வேலை.
கணவாயின் குடலை ஒரே இழுப்பில் உருவுவாள்.
நாலு மணிக்குக் கையுறையைக் கழற்றி
எலுமிச்சைத் தோலை விரலிடுக்கில் தேய்த்துக்கொண்டு
பயிற்சிக்கு ஓடுவாள்.
"எதிரணிக்காரி மோப்பம் பிடித்தே என்னைக் காவல் காக்கிறாள்"
என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.
தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும்
ஆறு மாதம் அந்தக் கத்தியை விடவில்லை.

அப்போது அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு மேளம்.
டாக்சி ஓட்டும் ஹிரனுமா
மீட்டரை அணைத்துவிட்டு வந்து
தெற்கு வாயிலருகே நின்று தனியாக அடிப்பான்.
மழையில் தோல் தளர்ந்து தொப் தொப்பென்று கேட்கும்.
கோல் போட்டால்
அந்தத் தொப்பை நோக்கித்தான் முதலில் கையசைப்பாள்.

பிறகு அந்த விடிகாலை.
வேறொரு கண்டத்தில் உலகப் போட்டி.
நகர மண்டபத்தில் நாலு மணிக்கே விளக்கு எரிந்தது.
வந்தவர் அறுபத்திரண்டு பேர், எண்ணிவிட்டேன், பழக்கதோஷம்.
முப்பது மீட்டரிலிருந்து இடது காலால் அடித்தாள்.
பந்து மேலே போய்,
ஏதோ மறந்துவிட்டது போலத் தயங்கி,
கீழிறங்கியது.

அடுத்த ஆட்டத்தில் சீட்டு வந்தது:
ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் ஏதாவது விளக்கம் எழுதியிருக்கிறதா என்று.

பேருந்தின் பக்கவாட்டில் அவள் முகம்.
அரிசி முறுக்குப் பொட்டலத்தில் அவள் முகம்.
ஏழு வயதுப் பிள்ளைகள் முடிதிருத்தகத்தில் போய்
"ஷோஜி மாதிரி" என்றார்கள்.
அவள் நின்ற மீன்மேசையை,
வெறும் பனிக்கட்டியை,
வெளியூர்க்காரர்கள் படமெடுத்தார்கள்.
ஹிரனுமாவுக்கு வண்டி நிறுத்த இடமில்லை.
"நான் அடிக்கிறது எனக்கே கேக்கலை" என்றான்.
அது பெருமையா புகாரா,
இன்னும் எனக்குத் தெரியாது.

முழங்கால் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
யாரும் தொடவில்லை.
அவள் திரும்பினாள், முழங்கால் திரும்பவில்லை.
மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு
வாசிக்க எதுவுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது மாதம் என்றார்கள். பதினாறு ஆனது.
சீட்டுகள் இளைத்தன: நாலாயிரம், ஆயிரத்துச் சொச்சம், அறுநூறு.
பேருந்தில் அவள் இடக்கண் உரிந்து தொங்கியது.
பிறகு அங்கே ஒரு பல் மருத்துவர் சிரித்தார்.

திரும்பி வந்தது அக்டோபர் மழையில், எண்பத்தெட்டாவது நிமிடம்.
பெயரைச் சரியாகச் சொன்னேன்.
முதல் பந்தை நேராக எல்லைக்கு வெளியே உதைத்தாள்.
அதற்கும் கைதட்டினார்கள், ஐந்நூற்றுப் பதினொரு பேரும்.
தெற்கே தொப் தொப்.

போன வாரம் வங்கியில் வரிசையில் காத்திருந்தேன்.
புதிதாக வந்த பெண் என் படிவத்தைப் பார்த்தாள்,
கிழக்கு, கடல், காடு,
சற்றும் தயங்காமல் கூப்பிட்டாள்:
"ஷோஜி சார்!"

எனக்கு அறுபத்தொரு வயது.
வாசற்பலகையிலும் அப்பாவின் கல்லறையிலும்
நாங்கள் தோகைரின்.
சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இதோ" என்று எழுந்து போனேன்.